‘அங்க எங்களை விடுவாங்களா?’: ஐடில்வைல்ட் ஏரிக்கரையின் கதை

காட்டுக்குள்ள, ஏரிக்கரையோட ஒரு இடத்தில ரெண்டு நாள் தங்கிட்டு வருவம் எண்டு முடிவெடுத்தால் நாங்கள் எதையெல்லாம் பார்ப்போம்? கபானாவா, கூடாரமா? குடிக்கத் தண்ணி இருக்கா? டொய்லெட் எப்படி? ஆளுக்கு எவ்வளவு வரும்? ராவில யானை வருமா? இந்தக் கேள்விகள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் இப்படி இடம் தேடியிருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேறொரு கேள்வி வந்திருக்கும்: “அங்க எங்களை உள்ள விடுவாங்களா?”

அந்தக் கேள்விக்கு ‘ஓம்’ என்று பதில் சொன்ன ஓர் ஏரிக்கரைதான் ஐடில்வைல்ட். மிச்சிகன் மாநிலத்தின் வடமேற்கில், லேக் கவுண்டி என்ற மாவட்டத்தின் பைன் காடுகளுக்குள் இருக்கிறது.

இனப்பாகுபாடு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவின் தென்மாநிலங்கள்தான். மிச்சிகன் வடக்கில் உள்ள மாநிலம். ஹோட்டல் முதலான பொது இடங்களில் இனம் பார்த்து ஆட்களைத் தள்ளி வைக்கக்கூடாது என்று 1885இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் கடதாசியில் இருந்தது, நடைமுறை வேறாக இருந்தது. ஏரிக்கரை விடுதிகளின் விளம்பரங்களில் ‘மட்டுப்படுத்தப்பட்ட வாடிக்கையாளர்கள்’ என்று நாகரிகமாக ஒரு வரி இருக்கும். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். கறுப்பினத்தவருக்கு இடமில்லை, பல விடுதிகளில் யூதர்களுக்கும் இடமில்லை.

தண்ணீருக்குள்ளும் கோடு இருந்தது. 1919 ஜூலை 27, சிக்காகோ. மிச்சிகன் ஏரியில் மிதவை ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பெடியன், வெள்ளையர்கள் தங்களுடையது என்று நினைத்த பக்கத்துக்குள் மிதந்து போய்விட்டான். கரையில் நின்ற ஒருவர் கல்லெறிந்தார். பெடியன் நீரில் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைப் பொலிஸ் கைது செய்ய மறுத்தது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்துப்போனார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை எந்தச் சட்டமும் போடவில்லை.

அரசாங்கத்தின் கூடார முகாம்களாவது பரவாயில்லையா என்றால், அங்கேயும் இதே கதைதான். வேர்ஜீனியாவிலுள்ள ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பினத்தவருக்கென்று ‘லூயிஸ் மவுண்டன்’ என்ற தனிப்பகுதி 1939இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் காணிதான், மத்திய அரசின் மரங்கள்தான், ஆனாலும் தங்கும் இடம் வேறு. 1945இல் இந்தப் பிரிவினையை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. ஷெனன்டோவாவில் அது முழுதாக நடைமுறைக்கு வர 1950 ஆகிவிட்டது.

இந்தச் சூழலில்தான் ஐடில்வைல்ட் பிறக்கிறது. அந்தக் காணிக்கும் ஒரு முற்கதை உண்டு. மிச்சிகனின் வடமேற்குப் பகுதி ஒட்டாவா, சிப்பெவா பழங்குடிகளின் நிலம். 1836ஆம் ஆண்டு வாஷிங்டன் ஒப்பந்தத்தின் மூலம் அது அவர்களின் கையைவிட்டுப் போனது. பிறகு மரக் கம்பனிகள் வந்து பைன் மரங்களைத் தறித்து முடித்தன. மிஞ்சியது கட்டைகளும் மணல் நிலமும் ஏரிகளும். விவசாயத்துக்கு உதவாத இந்த நிலத்தை, 1912இல் தொடங்கி, எரஸ்டஸ் பிராஞ்ச் உட்படச் சில வெள்ளை இன வியாபாரிகள் சேர்த்தெடுத்தார்கள். சுமார் 2,700 ஏக்கர். அதைத் துண்டு துண்டாக்கிக் கறுப்பினத்தவருக்கு விற்றார்கள். இதில் தர்மம் எதுவும் இல்லை, வேறு யாருக்கும் விற்க முடியாத காணியை வேறெங்கும் வாங்க முடியாத ஆட்களுக்கு விற்கிற யாவாரம்தான்.

25 அடிக்கு 100 அடி ஒரு துண்டு. எங்கட கணக்கில ஒரு பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. விலை 35 டொலர். முதலில் 6 டொலர் கட்டினால் போதும், பிறகு மாதம் 1 டொலர். சிக்காகோ டிஃபென்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. டெட்ரொயிட், சிக்காகோ போன்ற நகரங்களிலிருந்து காணி பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் தங்குவதற்கு ஒற்றை அறை மரக்குடில்கள் இருந்தன. அவற்றின் அளவைப் பார்த்து ஆட்கள் வைத்த பட்டப்பெயர் ‘நாய்க்கூடு’. இன்றைக்கு ஒரு கபானாவுக்கு அப்படிப் பேர் கிடைத்தால் கதை முடிந்தது! ஆனால் ஐடில்வைல்டில் அந்தக் கூடுகள் நிரம்பி வழிந்தன. கதவைத் திறந்தால் ஏரி. குளிக்கப் போகும் பிள்ளையைக் கல்லெறிந்து கொல்ல அங்கே ஆளில்லை.

பேர் பெற்றவர்களும் வந்தார்கள். 1893இல் இதயச் சத்திரசிகிச்சை செய்து புகழ்பெற்ற டொக்டர் டானியல் ஹேல் வில்லியம்ஸ் இங்கே காணி வாங்கினார். கடைசிக் காலத்தை இங்கேயே கழித்து 1931இல் இங்கேயே காலமானார். ஏரியிலுள்ள தீவுக்கு அவருடைய பெயர்தான். அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் காணி வாங்கியதோடு நிற்காமல், 1921இல் தான் ஆசிரியராக இருந்த ‘த கிரைசிஸ்’ இதழில் இந்த இடத்தை வியந்து எழுதினார். கூந்தல் பராமரிப்புப் பொருட்கள் விற்று முன்னேறிய மேடம் சி. ஜே. வோக்கரும் காணி வாங்கியவர்களில் ஒருவர். கார் தொழிற்சாலைத் தொழிலாளியும் டொக்டரும் ஒரே ஏரியில் குளித்தார்கள். வெளியே எந்தப் பட்டத்தைக் காட்டினாலும் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அங்கே போய்ச் சேருவதே பெரிய பாடு. இருட்டுவதற்கு முன் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டிய ஊர்கள் வழியில் இருக்கும். சாப்பாடு, போர்வை, மேலதிக பெற்றோல் எல்லாவற்றையும் காரிலேயே கொண்டு போவார்கள். இதற்காகவே நியூயோர்க்கில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் ‘கிரீன் புக்’ என்ற கையேட்டைத் தொடங்கினார். எந்த ஊரில் எந்த விடுதி, எந்தக் கடை, எந்தப் பெற்றோல் செட் கறுப்பினத்தவரை ஏற்கும் என்ற விபரம் அதில் இருக்கும். ஐடில்வைல்டும் அதில் இடம்பெற்றது. நாங்கள் இன்றைக்கு ஸ்டார் எத்தனை என்று பார்க்கிற மாதிரி அவர்கள் அதைப் புரட்டினார்கள். ஆனால் அவர்கள் அதில் தேடியது சொகுசை அல்ல.

1950கள் ஐடில்வைல்டின் பொற்காலம். கோடையில் உச்ச நாட்களில் 25,000 பேர் வரை வந்ததாகச் சொல்வார்கள். ஆர்தர் பிராக்ஸ் என்பவர் நடத்திய பரடைஸ் கிளப்பில் டெல்லா ரீஸ், ஜாக்கி வில்சன், ஃபோர் டொப்ஸ் போன்றோர் பாடினார்கள். மரத்தைத் தறித்துக் கைவிட்ட ஒரு காடு அமெரிக்க இசையின் முக்கிய மேடைகளில் ஒன்றாகியிருந்தது.

பிறகு 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. ஹோட்டல்களும் உணவகங்களும் இனம் பார்த்து ஆட்களை மறுப்பது நாடு முழுவதும் சட்டவிரோதமாயிற்று. கறுப்பினக் குடும்பங்கள் முதல் தடவையாக எந்தக் கடற்கரைக்கும், எந்த ஏரிக்கும் போகலாம். போனார்கள். ஐடில்வைல்ட் வெறுமையாகத் தொடங்கியது. கிளப்கள் மூடப்பட்டன, மோட்டல்கள் பாழடைந்தன.

இதை எப்படி விளங்கிக்கொள்வது? ‘பழைய காலம் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தது’ என்று பெருமூச்சு விடுவது லேசு. ஆனால் அந்த ஒற்றுமைக்குப் பின்னால் பூட்டிய கதவுகள் இருந்தன. மறுபக்கம், ‘உரிமை கிடைத்தது, இனி அந்த இடம் எதற்கு’ என்று கடந்து போவதும் நியாயமில்லை. அந்த விடுதிகளையும் கடைகளையும் நடத்தியவர்கள், பெரிய ஹோட்டல்களின் கதவு திறந்த அன்று தங்கள் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். சம உரிமை ஆட்களை வெளியே போக விட்டது, பணத்தை உள்ளே கொண்டுவரவில்லை. வெள்ளையர் குடும்பங்கள் ஐடில்வைல்டைத் தேடி வந்து அந்த இடத்தை நிரப்பவில்லை. கதவு ஒரு பக்கத்தால்தான் திறந்தது.

கிரீன் தன் கையேட்டின் அறிமுகத்தில், இது தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று எழுதியிருந்தார். 1960இல் அவர் இறந்துவிட்டார், அந்த நாளைக் காணவில்லை. கையேட்டின் கடைசிப் பதிப்பு 1966இல் வந்தது.

ஐடில்வைல்ட் 1979இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. வில்லியம்ஸ் தீவில் சில நாய்க்கூடுகள் இன்னமும் நிற்கின்றன. அங்கே இன்றும் வீடு வைத்திருப்பவர்களும், கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் இப்போது அங்கே வருகிறவர்கள் வேறு எங்கேயும் போக முடியாமல் வருகிறவர்கள் இல்லை.