துலா போனது, உப்பு வந்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடும். கோடையில் இருந்த இடம் தெரியாது. ஆயினும் பல நூற்றாண்டுகளாக அங்கே மக்கள் நெருக்கமாக வாழ்ந்து வந்திருக்கின்றனர். புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்து வெளியூர்களுக்கு அனுப்பியிருக்கின்றனர். இதனைச் சாத்தியமாக்கியவை கிணறுகளே.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கற்பாறை. பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய காலம் வெயிலின் ஆட்சிதான். திறந்த நீர்நிலையிலிருந்து ஓராண்டில் ஒன்றரை மீற்றர் உயரத்துக்கும் அதிகமான நீர் ஆவியாகிவிடக்கூடிய வரண்ட வலயம் இது. நிலத்துக்குள் இறங்கிய நீரை மட்டும் வெயில் எளிதில் தீண்டுவதில்லை. எனவேதான் முன்னோர் ஊர்தோறும் குளங்களையும் கேணிகளையும் வெட்டினர். அவை நீரைத் தேக்கி வைத்ததோடு, கசியவிட்டு அயற் கிணறுகளையும் ஊற வைத்தன.

ஆனால் இந்த நன்னீருக்குக் கீழே கடல்நீர் இருக்கிறது. பாரம் குறைந்த நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நீர் இனிக்கும், ஆழத்தில் உவர்க்கும். 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் எமர்சன் ரெனன்ற் இதனை விபரித்திருக்கிறார். இத்தகைய நிலங்களுக்குரிய விதியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவரும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மறுபுறம் பாருங்கள்: மேலே ஓரடி இறங்கிய நிலை நீடித்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடிவரை ஏறக்கூடும்.

இந்த விதியை அறியாமலே அதனை மீறாதிருக்கச் செய்தது துலா. ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் பனையோலைப் பட்டையால் நீர் அள்ளி வார்ப்பார். இன்னொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். எவ்வளவு இறைப்பது என்பதை மனித உடலின் களைப்பே தீர்மானித்தது. கிணற்றுக்கோ இரவு முழுவதும் ஊறுவதற்கு அவகாசம் கிடைத்தது. காணி உறுதிகளில் இன்றும் காணப்படும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அந்தக் காலத்து ஒழுங்கின் சாட்சிகள்.

1950களிலும் அதன் பின்னரும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவின. நான்குபேர் விடியலில் தொடங்கிச் செய்த இறைப்பை ஒருவர் முடித்தார். 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டு விவசாயியின் கையில் பணம் புழங்கியது, இயந்திரங்கள் பெருகின. இதில் விவசாயியைக் குறைகூற இடமில்லை. துலா மிதித்துத் தேய்ந்த தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். துலா போனபோது அது விதித்திருந்த எல்லையும் போயிற்று என்பதை மட்டும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. கரையோரக் கிணறுகள் பல உவர்த்தன. இரசாயன உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, செம்பாட்டு மண்ணின் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றின. 1990இன் பின் பொருளாதாரத் தடை எரிபொருளை அரிதாக்கியது. அது மக்களுக்கு நேர்ந்த கொடுமை. இறைப்பு குறைந்தது அதன் தற்செயலான விளைவு. யுத்தம் முடிந்தபின் இயந்திரங்கள் மீண்டும் முழங்கின.

முன்னெச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுசென்று, நிலத்தடி நீரைச் செழிக்கச் செய்வது அவருடைய எண்ணம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. ஆழமற்ற பரந்த ஏரியில் வெயில் குடிக்கும் நீர் எவ்வளவு என்ற கேள்வி அத்திட்டத்துக்கும் உண்டு. ஆனால் அது சோதிக்கப்படவே இல்லை.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் வானம் இலவசமாகத் தந்த நன்னீரைக் காலடியில் வைத்திருந்த சமூகம், இன்று மின்சாரம் செலவிட்டுக் கடலில் உப்பைப் பிரிக்கிறது. தோட்டங்களுக்கு அந்த நீர் போதாது. அவை இன்னும் கிணற்றையே நம்பியிருக்கின்றன.

கிணறு தனியாருடையது, அதனடியில் உள்ள நீர் அனைவருக்கும் பொதுவானது. ஒருவர் அளவின்றி இறைத்தால் அயலவரின் கிணறும் உவர்க்கும். துலாவை மீட்க முடியாது, மீட்கவும் வேண்டாம். தூர்ந்த குளங்களைத் தூர்வாரி மாரிமழையை உள்ளே இறங்கவிடுவதும், இறைப்புக்கு ஊரே கூடி ஓரளவு வகுப்பதும் நம் கையில் உள்ளவை. இவற்றுக்கு எந்த நாட்டின் கடனுதவியும் தேவையில்லை.