லாகூர் சீலையும் பஞ்சாப் சுருக்கும்

பாரிஸ் ஒபேராக் கட்டடத்தின் மூன்றாம் நிலவறையில் ழோசப் புக்கே என்பவன் தூக்கில் தொங்குகிறான். மேடைக் காட்சிகளை மாற்றும் தொழிலாளர்களுக்கு அவன்தான் தலைவன். உடலை இறக்கப் போனவர்களுக்கு உடல் கிடைக்கிறது. கழுத்தில் இருந்த கயிறு கிடைக்கவில்லை. காஸ்தோன் லெரூவின் 'ஒபேராவின் பேய்' நாவலில் விழும் முதல் பிணம் இது. 1909 செப்டம்பரில் 'லெ கோலுவா' நாளிதழில் தொடராகத் தொடங்கி, 1910இல் நூலாக வந்த கதை. காணாமல்போன கயிற்றுக்கு உரிய பெயர் பல அத்தியாயங்கள் கழித்துத்தான் நம் காதில் விழுகிறது: 'லாசே து பெஞ்சாப்'. ஆங்கில வாசகர்கள் அறிந்த 'பஞ்சாப் லாசோ' இதுதான்.

பெயரில் இரண்டு சொற்கள். இரண்டும் வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்தவை.

'லாசே' என்றால் இன்றைய பிரெஞ்சுக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது காலணிக் கயிறு. முயல் பிடிக்க வேலியோரம் வைக்கும் சுருக்குக்கும் அதே சொல்தான். ஆட்டோமன் சுல்தான்கள் தங்களுக்கு ஆகாதவர்களைக் கொல்லப் பயன்படுத்திய பட்டுக் கயிற்றையும் பிரெஞ்சு எழுத்தாளர்கள் இந்தச் சொல்லாலேயே குறித்தார்கள். ஆகவே லெரூவின் முதல் வாசகர் அதைப் படித்தபோது மெல்லிய, கைக்குள் அடங்கும், சத்தமில்லாத ஒரு கயிற்றைத்தான் மனத்தில் கண்டிருப்பார். 1911இல் அலெக்சாந்தர் தெய்க்சைரா தெ மாத்தோஸ் நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது 'லாசே' 'லாசோ' ஆயிற்று. சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் இதில் தவறில்லை. 'லாசோ' ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தாய் 'லாக்குவேயுஸ்' என்ற லத்தீன் சொல், பொருள் சுருக்கு. ஆனால் 'லாசோ' ஆங்கிலத்துக்குள் வந்தபோது அமெரிக்க மேய்ச்சல் வெளிகளையும் மாடு பிடிக்கும் குதிரை வீரனையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. நிலவறை இருட்டில் ஒளிந்திருந்த கயிறு, தலைக்குமேல் சுழற்றி வீசும் நீண்ட வடமாக வாசகர் மனத்தில் நீண்டுவிட்டது.

இனி 'பஞ்சாப்'. பாரசீக மொழியில் ஐந்து நீர்கள் என்று பொருள். நாவலிலும் இந்தக் கயிற்றின் வரலாற்றைச் சொல்பவர் ஒரு பாரசீகர்தான். அவருக்குப் பெயரே கிடையாது. காஸ்பியன் கரையிலுள்ள மாசந்தரானில் தரோகாவாக, அதாவது காவல் தலைவராக இருந்தவர். அவர் சொல்லும் கதை இது: முகம் விகாரமான எரிக், அதாவது தலைப்பிலுள்ள பேய், இந்தியாவில் தங்கி, கழுத்தை நெரிப்பதில் தேர்ச்சி பெற்றுத் திரும்பினான். மாசந்தரான் அரண்மனையில் இளம் சுல்தானாவை மகிழ்விக்க அது விளையாட்டாயிற்று. மரண தண்டனை பெற்ற வீரன் ஒருவனை ஈட்டியும் வாளும் கொடுத்து முற்றத்தில் விடுவார்கள். எரிக் கையில் சுருக்கு மட்டும். வீரன் ஓங்கும் கணத்தில் கயிறு பறந்துவந்து கழுத்தில் விழும். நாளடைவில் சுல்தானாவே அந்த வித்தையைக் கற்றுத் தன் தோழியரைக் கொல்லத் தொடங்கினாள்.

இதற்குப் பின்னால் இருப்பது தக்கர்களைப் பற்றிய ஐரோப்பியக் கிலி. வழிப்போக்கர்களோடு நட்பாகப் பேசி, கூடவே நடந்து, தக்க இடத்தில் கழுத்தை நெரித்துக் கொல்லும் கூட்டத்தைப் பற்றி 1816இல் சென்னையிலிருந்து எழுதியவர் மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட். வடக்கே 'டக்' என்று வழங்கியவர்களை அவர் 'பான்சிகர்' என்ற பெயரால் எழுதினார். 'டக்' என்பதற்கு ஏமாற்றுக்காரன் என்று பொருள். 'பான்சி' என்பது சுருக்கு. அது பாசம் என்ற வடசொல்லின் வழி வந்தது. எமன் கையிலும் பிள்ளையார் கையிலும் இருக்கும் அதே பாசம். ஷெர்வுட் தென்மொழிப் பெயர்களையும் குறித்துவைத்தார். கன்னடத்தில் 'தந்திக் கள்ளர்' என்றார்களாம், நரம்புக் கயிற்றால் கொல்லும் கள்ளர். பின்னர் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்லீமன் ஜபல்பூரை மையமாக வைத்து அவர்களை வேட்டையாடியபோது, பெருவாரியாகப் பேசப்பட்ட கருவி கைக்குட்டையான ருமால்தான். ஸ்லீமனுடைய பதிவுகளின் மையம் நர்மதைக் கரை, பஞ்சாப் அல்ல. பிரெஞ்சு வாசகர்களுக்கு இந்த 'நெரிப்பவர்கள்' யூஜின் சூவின் 'அலையும் யூதன்' தொடர் வழியாக 1844லேயே அறிமுகமாகிவிட்டார்கள்.

ருமாலை யாரும் தூரத்திலிருந்து வீசுவதில்லை. ஆளை நெருங்கி, பின்னால் நின்று இறுக்குவது அது. அப்படியானால் எரிக் வீசும் கயிறு? வீசும் சுருக்கைப் பற்றி ஒரு பழைய பிரெஞ்சுச் சான்று இருக்கிறது. 1666இல் இந்தியாவுக்கு வந்த ழான் தெ தெவெனோ, ஆக்ராவுக்கும் தில்லிக்கும் இடையிலான சாலையில் திரியும் கொள்ளையர் ஓடுமுடிச்சுக் கயிற்றைக் கழுத்தில் எறிந்து கொல்வதில் தப்புவதே இல்லை என்று எழுதினார். திரும்பும் வழியில் பாரசீகத்தில் இறந்துபோன பயணி அவர். பாரசீகத்துக்கும் எறிசுருக்கு புதிதல்ல. பிர்தௌசியின் 'ஷாநாமா'வில் ருஸ்தம் 'கமந்த்' எனும் எறிகயிற்றால் எதிரிகளைக் குதிரையிலிருந்து இழுத்துத் தள்ளுகிறான். பஞ்சாபிலும் பாசம் தெரியாத ஆயுதம் அல்ல. சீக்கியரின் தசம கிரந்தத்தில் உள்ள 'சஸ்தர் நாம் மாலா' ஆயுதங்களைப் பெயர்பெயராகச் சொல்லும்போது பாசத்துக்கும் இடம் தருகிறது. ஆனால் அது போர்வீரனின் ஆயுதம். இருட்டில் கழுத்தை இறுக்கும் ஒரு கயிற்றைப் 'பஞ்சாப் சுருக்கு' என்று அழைக்கும் வழக்கு லெரூவின் கதைக்கு வெளியே வேர் கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு ஏன் பஞ்சாப்? என் ஊகத்துக்கு நாவலே இடம் தருகிறது. புக்கேயின் உடல் தொங்கிய இடத்தை லெரூ துல்லியமாகச் சொல்கிறார்: ஒரு மேடைத் தட்டிக்கும் 'லாகூர் மன்னன்' ஒபேராவின் காட்சிச் சீலைக்கும் நடுவில். அது கற்பனை ஒபேரா அல்ல. மாஸ்னே இசையமைத்து 1877இல் இதே மேடையில் முதன்முதலாக அரங்கேறியது. சீதா, சிந்தியா என்ற பாத்திரங்களும், மூன்றாம் அங்கத்தில் இந்திரலோகமும் வருகிற, பாரிஸ் தன் ஆசைக்குத் தைத்துக்கொண்ட இந்தியா அது. பாரசீகரும் கதாநாயகன் ரவூலும் எரிக்கின் சித்திரவதை அறைக்குள் இறங்குவதும் அந்தச் சீலைக்கு அருகிலிருந்துதான். கீழே போனதும் அவர்கள் கையில் தட்டுப்படுகிறது காணாமல்போன கயிறு.

லாகூர் அன்றைய பஞ்சாபின் தலைநகரம். பஞ்சாப் சுருக்கில் மாண்டவன் லாகூரை வரைந்த துணிக்குப் பக்கத்தில் தொங்குவதைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. இந்தக் கயிறு ஐந்து ஆறுகளின் நாட்டிலிருந்து வந்ததல்ல. ஒபேராவின் கிடங்கில் சுருட்டி வைத்திருந்த சீலையிலிருந்து வந்தது என்றே நம்புகிறேன். நீதிமன்றச் செய்தியாளராக இருந்த லெரூ இடத்தையும் பொருளையும் வீணாகக் குறிப்பவர் அல்ல.

நாவல் மேடைக்கும் திரைக்கும் போனபோது முதலில் அடிபட்டவர் பாரசீகர். லோன் சேனி நடித்த 1925ஆம் ஆண்டு மௌனப்படத்தில் அவர் லெதூ என்ற ரகசியப் போலீஸ்காரராகிவிட்டார். 1986 அக்டோபர் 9இல் லண்டனில் அரங்கேறிய ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரின் இசைநாடகத்தில் அவருக்கு இடமே இல்லை. கையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி வைத்துக்கொள் என்று ரவூலுக்கு அவர் சொன்ன எச்சரிக்கை நடன ஆசிரியை ஜிரி அம்மையாரின் வாய்க்குப் போயிற்று. அது பொருளுள்ள எச்சரிக்கை: கழுத்தில் கயிறு விழுந்தாலும் இடையே கை இருந்தால் சுருக்கு இறுகாது. நாடகத்தில் புக்கே பாடும் பாட்டின் பெயரோ 'மாய லாசோ'. பஞ்சாப் நின்ற இடத்தில் மாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. 2004இல் ஜோயல் ஷூமேக்கரின் படத்தில் சந்தையில் கூண்டில் கிடக்கும் சிறுவன் தன்னை அடைத்தவனைக் கயிற்றால் நெரித்துக் கொல்கிறான். அதோடு இந்தியாவில் கற்றான் என்ற கதையும் தேவையில்லாமல் போய்விட்டது.

இந்த நீக்கத்தால் பஞ்சாபியருக்கு ஒட்டிய பொய்ப்பழி ஒன்று கழிந்தது, நல்லதுதான். ஆனால் எரிக்கின் வித்தைக்குப் பின்னிருந்த பயணமும் அதைச் சாட்சி சொன்ன ஆசியரும் சேர்ந்தே போனது எனக்கு வருத்தம் தருகிறது.

நாவலைத் தமிழில் தருகிறவர் 'லாசோ'வை விட்டுவிடலாம். நம்மிடம் 'சுருக்கு' இருக்கிறது. முயலுக்கு வைப்பதும் அதுதான், கழுத்தில் விழுவதும் அதுதான், லெரூவின் 'லாசே'யைப் போலவே. 'பாசக்கயிறு' என்று போட்டால் எமனும் எருமையும் மார்க்கண்டேயனும் நிலவறைக்குள் வந்துவிடுவார்கள். எரிக் தெய்வமல்ல, மனிதன். 'பஞ்சாப்' என்ற சொல்லை மட்டும் அப்படியே வைக்க வேண்டும், லாகூர் சீலையையும் அதன் இடத்தில் விட்டுவைத்து.