இரண்டு சல்லிப் பீட்சா

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துக்கு எதிரே, 2012-ஆம் ஆண்டு பிளேஸ் பீட்சா என்னும் உணவகத்தின் முதற்கடை திறக்கப்பட்டது. உள்ளே நுழைபவர் மேசையில் அமர்ந்து பரிமாறுபவருக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணாடித் தடுப்பின் ஓரமாக வரிசையில் நகர்கிறார். தடுப்புக்கு அப்பால் நிற்பவர் தட்டிய மாவை எடுத்து வைக்க, எந்தச் சாஸ், எந்தப் பாலாடைக்கட்டி, காளானா, ஆலிவா, கோழியிறைச்சியா என்று இவர் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போகிறார். வரிசையின் முடிவில் பீட்சா நெருப்புக்குள் செல்கிறது; மூன்று நிமிடத்தில் கைக்கு வந்துவிடுகிறது. எத்தனை பொருள்களை ஏற்றச் சொன்னாலும் விலை ஒன்றே என்பது இக்கடை தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட ஏற்பாடு. 2008-இல் சியாட்டிலில் தோன்றிய மாட் பீட்சாவும் இதே வழியில் நடந்தது. 2011-இல் புல்லர்ட்டன் என்னும் மற்றொரு கல்லூரி ஊரில் பையாலஜி தொடங்கியது.

இத்தாலிய உணவு அமெரிக்கர் கையில் அடைந்த சிதைவு இது என்பது வழக்கமான தீர்ப்பு. எதனுடன் எது சேரும் என்பதைச் சமைப்பவர் அறிவார், உண்பவர் அதில் தலையிடலாகாது என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. நமக்கு இதில் உடன்பாடில்லை. பீட்சாவின் பழைய சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா, தாம் கண்ட நேப்பிள்ஸ் நகரைப் பற்றி எழுதிய 'கொரிக்கோலோ' என்னும் பயண நூல் 1843-இல் வெளிவந்தது. அந்நகரின் வறியவர்களான லாசரோனிகள் கோடையில் தர்ப்பூசணியும் குளிர்காலத்தில் பீட்சாவும் தின்று உயிர் வாழ்வதாக அதில் குறிப்பிடுகிறார். எண்ணெய் இட்டது, பன்றிக்கொழுப்பு இட்டது, பாலாடைக்கட்டி இட்டது, தக்காளி இட்டது, சிறுமீன் இட்டது எனப் பீட்சாவில் பல வகை. அளவும் பலவாறு: இரண்டு சல்லிக்கு ஒருவர் பசியாறலாம், இன்னும் சிறிது கொடுத்தால் ஒரு குடும்பமே உண்ணலாம். ஆக, தேர்ந்தெடுத்து உண்ணும் வழக்கம் தெருவில் நின்று தின்றவனிடம் அப்போதே இருந்தது. மடியில் உள்ள காசு அதன் எல்லையை வகுத்தது.

தூமாவின் கண்ணில் பட்ட இன்னொரு செய்தி இதனினும் நுட்பமானது. சந்தையின் நிலையைப் பீட்சாவைக் கொண்டே அளந்துவிடலாம் என்கிறார். மீன் பீட்சா மலிந்தால் வலையில் மீன் நிறைய விழுந்தது என்று பொருள். எண்ணெய்ப் பீட்சாவின் விலை ஏறினால் ஒலிவ விளைச்சல் பொய்த்தது என்று பொருள். ஓரிடத்தில் மட்டும் அவர் தடுமாறியிருக்கிறார். 'எட்டுக்குப் பீட்சா' என்றொரு வழக்கு அங்கிருந்தது. அதை எட்டு நாள் பழைய பீட்சா என்று அவர் எழுதிவிட்டார். இன்று தின்றுவிட்டு எட்டாம் நாள் காசு கொடுப்பதே அதன் உண்மையான பொருள். கடன் சொல்லித் தின்ன வேண்டிய நிலை பெருநாவலாசிரியருக்கு அப்போது வாய்க்கவில்லை போலும்.

1880-க்கும் 1920-க்கும் இடையே ஏறத்தாழ நாற்பது லட்சம் இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் தென்னித்தாலியின் ஏழைகள். அவர்களுள் ஒரு சாரார் யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் நகரை அடைந்து, சார்ஜென்ட் என்னும் இரும்புச் சாமான் ஆலை போன்றவற்றில் கூலிக்கு அமர்ந்தனர். அமால்ஃபிக் கடற்கரையில் உள்ள மயோரி ஊரிலிருந்து 1909-இல் வந்த பிராங்க் பெப்பே, 1925-இல் வூஸ்டர் தெருவில் பீட்சாக் கடை வைத்தார். அவருடைய சகோதரியின் குடும்பத்தார் 1938-இல் அதே தெருவில் 'சாலீஸ்' என்ற கடையைத் திறந்தனர். மருமகன் சால்வட்டோரின் பெயரே கடைக்கு ஆயிற்று.

அங்குப் பீட்சாவுக்குப் பெயர் 'அபீட்ஸ்'. நேப்பிள்ஸ் பேச்சில் பெயருக்கு முன்வரும் 'அ' என்னும் சிறுசொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஈற்றுயிர் தேய்ந்து மறைந்தது. குற்றியலுகரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் நமக்கு, கடல் கடந்த ஒரு தெருவில் ஈற்றுயிர் இவ்வாறு குறுகி நிற்பது தனி மகிழ்ச்சி தருகிறது. அவ்வூரில் 'வெறும் பீட்சா' என்று கேட்டால் தக்காளியும் துருவிய ஆட்டுப்பால் கட்டியும் மட்டுமே வரும். மொசரெல்லா வேண்டுவோர் 'மூட்ஸ்' என்று தனியே சொல்லவேண்டும். பிற இடங்களில் அடிப்படையாகக் கருதப்படுவது அங்கே விரும்பிச் சேர்ப்பது. அது எல்லோர்க்கும் எட்டாத பொருளாயிருந்த காலத்தின் தடம் இது என்றே நாம் கருதுகிறோம்.

கல்லூரி ஊர்கள் இவ்வுணவைப் பெருந்தொழிலாக்கிய கதை பலரும் அறிந்ததே. விச்சிட்டாவில் மாணவராயிருந்த கார்னி சகோதரர்கள் தாயிடம் 600 டாலர் கடன் பெற்று 1958-இல் பீட்சா ஹட்டைத் தொடங்கினர். 1960-இல் மிச்சிகனின் இப்சிலான்டியில், கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஒரு சிறுகடையை மோனகன் சகோதரர்கள் வாங்கினர். அதுவே டோமினோஸ் ஆயிற்று. இளையவர் தம் பங்கை ஒரு பழைய வோக்ஸ்வேகன் காருக்கு விட்டுக்கொடுத்து விலகினார். கண்ணாடித் தடுப்பும் நகரும் வரிசையும் பின்னர் வந்தவை. 1993-இல் டென்வர் பல்கலைக்கழகத்தின் அருகே தொடங்கிய சிப்பொட்லே என்னும் மெக்சிக்க உணவகம் அம்முறையைப் பரவலாக்கியது. பீட்சாக் கடைகள் அதைக் கடன் வாங்கின.

ஆதலின் இர்வைன் கடையின் புதுமை தேர்வில் இல்லை, விலையில் இருக்கிறது. சில பொருள்கள் கேட்பவரும் பத்துப் பொருள் கேட்பவரும் ஒரே தொகை கொடுப்பது என்பதே அதன் தொடக்க ஏற்பாடு. கையிருப்பை எண்ணிப் பார்த்து வரிசையில் நிற்கும் மாணவனுக்கு இது சிறிய ஆறுதல் அன்று. அடுத்த பொருளைச் சுட்டும்போது அவன் விரல் தயங்கவேண்டியதில்லை. இழந்ததும் ஒன்று உண்டு. கடலில் மீன் பட்டதா, ஒலிவம் விளைந்ததா என்பதை அந்த ஒற்றை விலை யாருக்கும் தெரிவிப்பதில்லை. ஆண்டு முழுதும் கிண்ணங்களில் அதே பொருள்கள், அதே அளவில்.

இதற்கிடையே நேப்பிள்ஸ் நகரம் எதிர்த்திசையில் நடந்தது. 1984-இல் அங்கு அமைந்த மெய்யான நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம், விறகடுப்பு, கையால் தட்டிய மாவு, 60 முதல் 90 நொடி வேக்காடு என்று விதிகளை எழுதியது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் மரபுவழிச் சிறப்புரிமை வழங்கியது. 2017-இல் யுனெஸ்கோ அப்பீட்சாக்காரர்களின் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சங்கத்தின் விதிநூல் மெய்யானவை என ஏற்பவை இரண்டே: மரினாரா, மார்கரித்தா. தூமா கண்ட சிறுமீன் பீட்சாவுக்கு அதில் இடமில்லை.