714 கட்டில்கள்

எங்கள் அப்பாயி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, மருத்துவர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் அப்பாவைப் பார்த்து, "எண்பது தாண்டிடுச்சு, இனிமே ஆபரேஷன் எதுக்கு? வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொண்டது அம்மா. இப்படிச் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது, யாராவது அதை எதிர்த்தார்களா என்று தேடியபோதுதான் மார்ஜரி வாரன் எனக்கு அறிமுகமானார்.

லண்டனுக்கு மேற்கே, ஐசில்வர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை 1935இல் பக்கத்து ஏழைகள் காப்பகத்தின் நோயாளர் விடுதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே 714 பேர். யாரும் விரும்பாத அந்தப் பொறுப்பு, அறுவை சிகிச்சையில் நாட்டம் கொண்டிருந்த வாரனிடம் வந்தது. பெரும்பாலோர் முதியவர்கள், எல்லோருமே ஏழைகள். 'நாள்பட்ட நோயாளி' என்ற பெயரோடு விசாரணை முடிந்துவிட்டிருந்தது. பலருக்கு என்ன நோய் என்றே எவரும் பார்த்திருக்கவில்லை. தொட்டில்போலக் கம்பி அடைத்த கட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள்.

வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். கிடந்ததாலேயே மூட்டு இறுகியவர்கள், படுக்கைப்புண் கண்டவர்கள், பக்கவாதத்துக்குப் பின் எழுந்து நிற்க யாரும் கைகொடுக்காதவர்கள் அங்கே இருந்தார்கள். முதுமை அவர்களைச் சாய்த்தது பாதி. கட்டில் சாய்த்தது மீதி. சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசவைத்தார். வெளிச்சத்தைக் கூட்டினார். உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில் 240 போதும் என்றானது. பொது மருத்துவமனைகளில் முதியோருக்கெனத் தனிப்பிரிவு வேண்டும், மாணவர்கள் அங்கே பயில வேண்டும் என்று 1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

காலியான படுக்கைகள்தான் நிர்வாகத்தின் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உரிமை என்று மட்டும் பேசியிருந்தால் கேட்டிருப்பார்களா? இன்னொரு கேள்வியும் உறுத்துகிறது. வீடு திரும்பிய அந்த முதியவர்களை வாசலில் எதிர்கொண்டது யார்? மகளோ மருமகளோதானே. கூலியில்லாத அந்த வேலை மருத்துவமனையின் கணக்கில் ஏறாது. ஆனாலும் நடந்து வருபவரைப் பார்த்துக்கொள்வதும், பரிசோதிக்கப்படாமலே தூக்கிவரப்படுபவரைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. அம்மாவுக்குத் தெரியும்.

வாரன் போட்ட தடத்தில் பிரிட்டனில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. அதை அங்கே பயின்று திரும்பிய வி.எஸ். நடராஜன், 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. வயதைக் காட்டி மருத்துவச் சேவையில் பாகுபடுத்துவதற்கான தடை பிரிட்டனிலேயே 2012 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. நம்முடைய 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்கள் எல்லோருக்கும் 'கூடியவரை' படுக்கை தரச் சொல்கிறது. அந்தக் 'கூடியவரை' எதுவரை என்பதை இன்றும் வார்டில் நிற்கும் ஒருவர்தான் முடிவுசெய்கிறார். அதுவும் பெரும்பாலும், கட்டிலில் கிடப்பவளை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகனைப் பார்த்து.