புழுக்க இரவும் குளிர்ந்த உறக்கமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலின் மடியில் அமைந்திருப்பது சல்லி என்னும் சிற்றூர். முத்துமாரியம்மன் ஆலயத்தால் கிழக்கிலங்கை முழுவதும் பெயர்பெற்ற அவ்வூர் மக்களுக்குக் காற்றின் குணங்களை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வைகாசி தொடங்கி மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலை வாரி வீசும்; ஆயினும் அது உலர்ந்த காற்று. மார்கழியில் வாடை வந்து மழையையும் குளிரையும் தரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பங்குனி சித்திரையிலும், மீண்டும் புரட்டாசி ஐப்பசியிலும் வரும் இரவுகளே கொடியவை. பகலெல்லாம் வீசிய கடற்காற்று அந்தியில் ஓய்ந்துவிடும்; தரைக்காற்று எழுவதற்கு நெடுநேரம் செல்லும். அந்த இடைவேளையில் தென்னோலை ஒன்றேனும் அசையாது. பாய் நனையும், தலையணை நனையும், குழந்தை சிணுங்கும். இதனைத் தமிழர் வெப்பம் என்று சொல்வதில்லை, புழுக்கம் என்கின்றனர். வெப்பம் வேறு, புழுக்கம் வேறு என்று பிரித்தறிந்த சொல் அது. விஞ்ஞானம் அவ்வேறுபாட்டை அளந்து காட்டியது மிகவும் பிற்பட்ட காலத்திலேதான்.

மனித உடல் உறக்கத்திற்குள் நுழையும்போது தன் உள்வெப்பத்தைச் சிறிது தணித்துக்கொள்ள முயல்கின்றது. வெப்பத்தை வெளியேற்ற அது நம்பியிருக்கும் வழிகளுள் தலையாயது வியர்வை. வியர்வை வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதே குளிர்கின்றது. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகுமாயின் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தாலோ ஆவியாதல் தடைப்படுகின்றது. கச்சான் வீசும் நண்பகலில் 35 பாகை வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒருவர், 28 பாகையே உள்ள ஓர் ஐப்பசி இரவில் உறக்கமின்றிப் புரளுவதன் காரணம் இதுவே.

இத்துன்பம் பழந்தமிழருக்குப் புதிதன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலே மதுரை மாளிகைகளின் கூதிர்கால நிலை கூறப்படுகின்றது. குளிர் மிகுந்தமையால் சிவந்த வட்ட விசிறிகள் சுருக்கப்பட்டு முளையில் தொங்குகின்றன. அவற்றிலே சிலந்தி நூலிழைத்திருக்கின்றது. வேனிற்காலத்தில் துயிலும் இடத்திற்குத் தென்றலைக் கொணரும் சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. புலவர் சொல்ல வந்தது குளிரின் மிகுதியையே. ஆனால் வேனிலுக்கெனத் தனிப் பள்ளியறை வகுத்து, காற்று வரும் திசையறிந்து சாளரம் வைத்த கட்டடக் கலை அன்றே இருந்தது என்பதை நாம் அதிலிருந்து அறிந்துகொள்கின்றோம். சாளரத்தினும் சிறந்த செய்தியொன்று புறநானூற்றில் உண்டு. அறியாது முரசு கட்டிலில் ஏறித் துயின்றுவிட்ட மோசிகீரனார் என்னும் புலவருக்கு, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்காது விசிறி எடுத்து வீசினான். அரசன் நின்று வீச, ஏழைப் புலவன் உறங்கினான். உறங்குபவன் யார், விசிறுபவன் யார் என்ற வினாவை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நன்று. இவ்வரலாறு முழுவதிலும் அது தொடர்ந்து வரும்.

கரையோரக் கிராமங்களின் பழைய வழி செலவற்றது. கிடுகு வேய்ந்த கூரை வெயிலைத் தன்னுள் ஏற்றாது. அந்தியானதும் விரைவில் ஆறிவிடும். ஆடவர் கடற்கரை மணலிற் பாய் விரிப்பர். பெண்டிரும் குழந்தைகளும் திண்ணையிலும் முற்றத்திலும் படுப்பர். பனையோலை விசிறி எந்த வீட்டிலும் இருந்தது. இம்முறைக்குரிய ஒரே குறை, விசிறுபவர் உறங்க முடியாது என்பதுதான். பெரும்பாலும் அவர் தாயாராகவே இருந்தார்.

ஐரோப்பியர் வந்தபோது இவ்வெப்பம் அவர்களை வாட்டியது. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். இயற்கைத் துறைமுகங்களுள் அதற்கு நிகரானவை சிலவே எனப் போற்றிய அவர்களே, அதன் காய்ச்சலையும் புழுக்கத்தையும் அஞ்சினர். கீழைத்தேய ஆட்சியில் அவர்கள் கைக்கொண்ட கருவி பங்கா. விதானத்திலிருந்து தொங்கும் நீண்ட சட்டத்திலே துணியைக் கட்டி, கயிற்றைச் சுவர்த் துளையினூடே வெளியே விடுவர். விறாந்தையில் இருக்கும் ஏவலாள் அதனை விடியும்வரை இழுப்பான். கை சோர்ந்தால் காற்பெருவிரலிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு காலால் இழுப்பதும் உண்டு. அவன் கண்ணயர்ந்தால் பங்கா நிற்கும், துரை விழித்துக்கொள்வார். அவ்வாறு கண்ணயர்ந்தவர்கள் தாக்கப்பட்டு உயிரிழந்த நிகழ்ச்சிகள் ஆங்கில இந்தியாவின் வழக்குப் பதிவுகளிலே காணப்படுகின்றன. சிறு தண்டப்பணத்தோடு விடுபட்ட துரைமாரும் அவற்றில் உளர். ஈ. எம். போஸ்ரர் 1924இல் வெளியிட்ட இந்தியா பற்றிய நாவலில், நீதிமன்றக் காட்சியின் நடுவே வழக்கு எதுவென்றும் அறியாது பங்கா இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவனைக் காட்டுகின்றார். சேர மன்னனின் விசிறிக்கும் இந்தக் கயிற்றுக்கும் இடையே எத்துணைத் தூரம்!

வட இந்தியாவிலும் சென்னையிலும் வெட்டிவேர்த் தட்டிகளை வாயிலிற் கட்டி நீர் தெளிக்கும் வழக்கம் இருந்தது. உலர் காற்றிலே இது மிகச் சிறந்த முறை, நறுமணமும் உண்டு. புழுக்கமான கடற்கரையிலோ அது ஈரத்தின்மேல் ஈரத்தைச் சேர்க்குமேயன்றி வேறு பயன் தராது.

அடுத்து வந்தது பனிக்கட்டி வாணிகம். பொஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றினார். 1833இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதங்களின் பின் சுமார் 100 தொன்னைக் கல்கத்தாவிற் சேர்த்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வந்த பனிக்கட்டி! சென்னைக் கடற்கரையிலும் 1840களில் அதற்கெனக் களஞ்சியம் எழுந்தது. பிற்காலத்தில் பிலிகிரி ஐயங்கார் என்பவரின் இல்லமாகி, 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதனால் புனிதம் பெற்ற அக்கட்டடத்தின் பழைய பெயர், ‘ஐஸ் ஹவுஸ்’ என அப்பகுதியின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பனிக்கட்டியை மனிதனின் உறக்க அறைக்குக் கொண்டுசென்றவர் ஒரு வைத்தியர். புளோரிடாவின் அப்பலாச்சிக்கோலாத் துறைமுகத்தில் 1840களில் பணியாற்றிய ஜோன் கோரி, காய்ச்சலில் வெந்த நோயாளரின் அறை விதானத்திலே பனிக்கட்டித் தொட்டியைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கியது. நோயாளர் அயர்ந்து உறங்கினர். காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என அவர் எண்ணியது பிழை. நுளம்பே மலேரியாவைக் காவுவது என்பதை ரொனால்ட் ரொஸ் செகந்தராபாத்தில் 1897இலேதான் கண்டறிந்தார். ஆயினும் அப்பிழையே கோரியைப் பெருங்கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்றது. வடக்கிலிருந்து பனிக்கட்டி வராத நாளில் என்செய்வது என்று சிந்தித்த அவர், காற்றை அழுத்தி விரியவிட்டுப் பனிக்கட்டி செய்யும் பொறியை இயற்றி 1851இல் காப்புரிமை பெற்றார். முதலீடு செய்வாரின்றி 1855இல் மனமுடைந்து மறைந்தார்.

நோயாளருக்காக ஒருவர் செய்த முயற்சி தோல்வியுற, காகிதத்திற்காகச் செய்யப்பட்ட முயற்சி வென்றது. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில், கோடைப் புழுக்கத்தால் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின்மேல் மறுநிறம் பொருந்தவில்லை. இருபத்தைந்து வயதுப் பொறியியலாளர் வில்லிஸ் கரியர் இதற்குத் தீர்வு தேடினார். குளிர்ந்த குழாய்களின் மேற் காற்றைச் செலுத்தினால், குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறத்திற் படிவதுபோலக் காற்றின் ஈரம் நீர்த்துளிகளாய்ப் படிந்து வடிந்துவிடும். அவர் தேடியது குளிர்ச்சியை அன்று, வறட்சியை. குளிர்ச்சி உடன்வந்த பயன். நான்கு ஆண்டுகளின் பின் நெசவாலைப் பொறியியலாளர் ஸ்ருவேட் கிரேமர் இதற்கு வளிச் சீராக்கம் என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவருடைய கவலை நூலிழை பற்றியது. ஆக, காகிதமும் பருத்தியும் குளிர்ந்த பின்னரே தொழிலாளியின் முறை வந்தது.

திருகோணமலையும் இதற்குச் சான்று கூறும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளான இத்துறைமுகம், 1944இல் பிரித்தானியக் கீழைக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கியது. நீர்மூழ்கிகளும் இங்கிருந்து புறப்பட்டன. வடகடற் குளிருக்கென அமைந்த எஃகுக் கலங்களின் உட்புறம் இவ்வெயிலில் உலைக்களம் போலாயிற்று. மாலுமிகள் பாயை மேற்றளத்திற்கு எடுத்துச் சென்றனர். சல்லி மணலில் மீனவர் செய்ததையே அவர்களும் செய்தார்கள். அமெரிக்கர் 1930களிலேயே தம் நீர்மூழ்கிகளில் வளிச் சீராக்கியைப் பொருத்தத் தொடங்கியிருந்தனர். அங்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று, ஈரம் படிந்து மின்கம்பிகள் பழுதடைவதைத் தடுப்பதே.

இரண்டாம் உலகப் போரின் பின்னரே அறைக் குளிரூட்டி சாதாரண வீடுகளை எட்டியது. 1953இல் ஒரே ஆண்டில் அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின. அதன் வலுவை இன்றும் ‘தொன்’ என்றே அளக்கின்றனர். ஒரு தொன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகுகையில் உறிஞ்சும் வெப்பத்தின் அளவே அது. டியூடரின் வாணிகம் மறைந்தும் அவருடைய அளவுகோல் மறையவில்லை. ஆசியாவில் இதன் அரசியற் பயனை உணர்ந்தவர் சிங்கப்பூரின் லீ குவான் யூ. அரசாங்க அலுவலகங்களுக்கு அவர் முதலில் அதனைப் பொருத்துவித்தார். அயனமண்டல நாடுகளின் வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது என்றும் பிற்காலத்திற் கூறினார். இப்பொறியில் நெடுங்காலம் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயு ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவர, 1987இன் மொன்றியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. மாற்றாக வந்த வாயுக்கள் புவியைச் சூடாக்குவனவாதலின், 2016இல் கிகாலியில் அவற்றையும் குறைக்க இணங்கினர்.

இன்று திருகோணமலைக் கரையிலும் சில வீடுகளின் சுவரில் இப்பொறி தொங்குகின்றது. அதனை 18 பாகையில் வைத்துப் போர்வை தேடுவது வீண் பகட்டு. ஈரம் நீங்கினாற் போதும், 26 பாகையிலும் நல்லுறக்கம் வரும். கூடவே மின்விசிறி மெதுவாய்ச் சுழன்றால் இன்னும் நன்று. கதவிடுக்குகளை அடைத்தல் வேண்டும். இல்லையேல் பொறி கடலின் ஈரத்தையெல்லாம் வடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வீடும் மாறிவிட்டதே! கிடுகு போய்த் தகரமும் அஸ்பெஸ்ரஸ் தகடும் வந்தன. மண்சுவர் போய்ச் சீமெந்துக் கல் வந்தது. பகலிற் குடித்த வெயிலை அவை இரவிலே கக்குகின்றன. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கிழக்குக் கரையிற் குலைத்த வீடுகளை மீண்டும் எழுப்பியபோது, காற்றின் திசையை எண்ணிப் பார்க்க அவகாசம் இருந்தவர் சிலரே. குளிரூட்டி வாங்க இயலாதவருக்கு அவ்வீட்டின் இரவு, பாட்டனாரின் குடிசையிற் கழிந்த இரவினும் கடினமானது. பக்கத்து வீட்டில் குளிரூட்டி இருப்பின், அதன் புறப்பொறி கக்கும் அனலும் அவருடைய சாளரத்திற்கே வந்து சேரும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. பங்குனிப் புழுக்கம், காற்றில்லை. குளிரூட்டியும் மின்விசிறியும் ஒருங்கே நின்றன. வீடுகளில் மடித்த கடதாசி அட்டையும் பழைய ஓலை விசிறியும் தேடி எடுக்கப்பட்டன. குழந்தை உறங்கும்வரை தாய்மார் இருளில் இருந்து வீசினார்கள்.