கோழி கொத்தின பழத்தை நாமும் சாப்பிடலாமா? தோட்டத்துக் காய், விதைகளை அடையாளம் காண்பது எப்படி?

"கோழியே சாப்பிடுது, நமக்கு என்ன ஆகப்போகுது?" தோட்டப்புறத்தில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் இதை நம்பி ஒரு காட்டுப் பழத்தை வாயில் போடுவது ஆபத்து. கோழி எதைத் தின்றது என்று தெரிந்துகொள்வது வேறு, அது நமக்கு ஆகுமா என்பது வேறு.

கெடாவில் மெர்போக் ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். அங்கிருந்து பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் உள்ளே போனால் ரப்பரும் செம்பனையும்தான். இப்பகுதி வீடுகளில் காலையில் திறந்துவிட்ட கோழி பொழுது சாயும்போதுதான் கூட்டுக்குத் திரும்பும். நடுவில் அது என்னென்ன கொத்தியது?

காட்டில் தின்பது கோழிக்குப் புதுசா?

இல்லை. வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி, மலாயில் 'ஆயாம் ஹுத்தான்'. அதில் பல உள்ளினங்கள் உண்டு. 2020இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, 'ஸ்பாடிசியஸ்' என்ற உள்ளினத்திலிருந்தே வீட்டுக் கோழி முக்கியமாக வந்தது என்று சொன்னது. தீபகற்ப மலேசியாவில் வாழும் காட்டுக்கோழியும் அதே உள்ளினம்தான். விதை, பழம், கறையான், புழு என்று தரையைக் கிளறித் தின்பது அதன் பிறவிக் குணம்.

கோழிக்கு ஆகும், நமக்கு ஏன் ஆகாது?

சிலி பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாக்கை எரிக்கும் கேப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. அதனால் கோழி மிளகாயைச் சாதாரணமாகக் கொத்தும். நஞ்சு விஷயத்திலும் இதே வித்தியாசம் உண்டு. ஆமணக்கு விதை குதிரைக்கு மிகக் கொஞ்சமே போதும், ஆபத்து. கோழி அதைவிட அதிகம் தாங்கும். ஓர் உயிருக்கு ஒத்துக்கொண்டது இன்னொன்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

என்ன தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோழி விழுங்கியது முதலில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பைக்குப் போகும். மலாயில் இது 'தெம்போலோக்'. இங்கே தீனி ஊறும், ஆனால் அரையாது. அதற்கப்புறம்தான் அரவைப்பை, அதாவது 'ஹெம்பெடல்'. அங்கே கோழி விழுங்கிய சிறு கற்களோடு சேர்ந்து விதை நொறுங்கிவிடும். ஆகவே அடையாளம் காண நல்ல இடம் தீனிப்பைதான்.

சமையலுக்குக் கோழி அறுக்கும் நாளில் இப்படிச் செய்யலாம்:

- கையுறை போட்டுக்கொண்டு தீனிப்பையைத் தனியாக வெட்டி எடுங்கள்.
- உள்ளே இருப்பதை வடிகட்டியில் கொட்டி, தண்ணீரில் அலசுங்கள்.
- வெள்ளைத் தாளில் பரப்பிக் காயவிடுங்கள். பக்கத்தில் 10 சென் காசு வைத்துப் படம் எடுத்தால் அளவு புரியும்.
- கோழி மேய்ந்த இடத்துக்குப் போய், செடியில் இருக்கும் பழத்தைப் பிளந்து ஒப்பிடுங்கள்.
- அப்பவும் தெரியலையா? சில விதைகளைத் தொட்டியில் போடுங்கள். முளைத்து இலை விட்டால் செடியே பதில் சொல்லிவிடும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கோழிக் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

அடிக்கடி கிடைப்பவை எவை?

செண்டுடுக்: ஊதாப் பூ. இலையின் அடியிலிருந்து நுனிவரை நீள நரம்புகள் ஓடும். பழம் வெடித்தால் கருநீலச் சதை, அதில் தூள் போன்ற விதைகள். நாக்கில் கறை பிடிக்கும்.

முள்ளுக்கீரை: தண்டில் முள். விதை கடுகைவிடச் சிறியது, கறுப்பு, பளபளப்பு.

மணத்தக்காளி: பழுத்தால் கறுப்பு உருண்டைகள், உள்ளே தட்டையான வெளிர் விதைகள். பச்சைக் காயில் நஞ்சு உண்டு.

லெத்துப்-லெத்துப்: வலைபோன்ற பச்சை உறைக்குள் ஆரஞ்சுப் பழம். இதிலும் பச்சைக் காய் வேண்டாம்.

செம்பனை உதிரிப்பழம்: கோழி மேலிருக்கும் ஆரஞ்சுச் சதையை மட்டும் கொத்தும். கொட்டை அதன் அலகுக்கு மசியாது.

எவற்றில் ஏமாந்துவிடுவோம்?

குன்றிமணியும் ஆனைக்குன்றிமணியும்: மலாயில் இரண்டையும் 'சாகா' என்பார்கள். ஆனைக்குன்றிமணி பெரிய மரம், விதை முழுக்கச் சிவப்பு. குன்றிமணி கொடி, சிவப்பு விதையில் ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டு இருந்தால் கொடிய நஞ்சு. முழுசாக விழுங்கினால் சிலசமயம் அப்படியே வெளியேறிவிடும், உடைந்தால்தான் பெரிய ஆபத்து. கோழியின் அரவைப்பை செய்வதே உடைக்கும் வேலை.

ஆமணக்கும் ரப்பர் கொட்டையும்: இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் புள்ளியும் கோடுமாய்ப் பழுப்புத் தோல். ஆமணக்கு விதை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், பார்க்க உண்ணி மாதிரி. ரப்பர் கொட்டை 2 சென்டிமீட்டருக்கும் மேல். பச்சை ரப்பர் கொட்டை நசுங்கினால் சயனைடு உண்டாகும். உடைத்துக் கோழிக்குப் போடாதீர்கள்.

உண்ணிச்செடி: மலாயில் பெயரே 'பூங்கா தாஹி ஆயாம்', கோழி எச்சப் பூ. பெயரைப் பார்த்துக் கோழித் தீனி என்று நினைத்துவிட வேண்டாம். இதன் பச்சைக் காயில் நஞ்சு இருக்கிறது.

விதை நல்லது, ஆனால் மருந்து?

தோட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. புல் திடீரென்று ஒரே சீராக மஞ்சளாகிக் கருகியிருந்தால், அங்கே மருந்து அடித்திருக்கலாம். கோழியை அந்தப் பக்கம் விடாதீர்கள். மருந்து அடிக்கும் நாளைத் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

கோழி சோர்ந்து விழுந்தால், தீனிப்பையில் கிடைத்ததைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளைகள் எதையாவது தின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரம் என்றால் 999. தின்ற காயோடு இலையையும் ஒரு கொத்து பறித்துக் கொண்டுபோனால், மருத்துவர் அது என்ன செடி என்று சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும்.