சுடாமல் வென்றவரும் சுடவைத்த சந்தையும்: பெயிண்ட்பால் தொழிலில் போட்டியும் வளர்ச்சியும்

1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹென்னிக்கரில், 12 பேர் ஒரு காட்டுக்குள் இறங்கி ஆடியதே முதல் பெயிண்ட்பால் ஆட்டம். கொடிகளை எல்லாம் சேகரித்து வென்றவர் காடறிந்த வனத்தொழிலாளர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இத்தொழில் பின்னால் எவ்வளவு தூரம் விலகிப் போனது என்பதை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அன்று அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. நெல்சன் பெயிண்ட் நிறுவனத்துக்காக டெய்சி நிறுவனம் செய்துகொடுத்த அந்தத் துப்பாக்கி, வெட்ட வேண்டிய மரங்களுக்குத் தூர நின்று அடையாளமிட உதவும் கருவி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தயார்செய்ய வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கிய சார்லஸ் கெய்ன்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி ஆகியோர் நேஷனல் சர்வைவல் கேம் என்ற நிறுவனத்தை அமைத்து, நெல்சனுடன் ஒப்பந்தம் செய்து, விளையாட்டையும் சரக்கையும் ஒரே கையில் வைத்திருந்தார்கள். அந்தப் பிடி நீடிக்கவில்லை. காரணம் குண்டின் இயல்பிலேயே இருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரையை உறையிடும் அதே ஜெலட்டின் தொழில்நுட்பத்தில்தான் பெயிண்ட் குண்டும் உருவாகிறது. மருந்துத் தொழிலில் ஏற்கெனவே பரவியிருந்த ஒரு நுட்பத்தை விளையாட்டு நிறுவனம் ஒன்று பூட்டிவைக்க முடியாது.

துப்பாக்கியை ஒருவர் ஒருமுறை வாங்குகிறார். குண்டை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாங்குகிறார். பல மைதானங்கள் வெளிக்குண்டை உள்ளே விடாததும் இதனால்தான். ஆகவே துப்பாக்கிச் சந்தையில் நடந்த போட்டி, யார் வென்றாலும், குண்டுச் சந்தைக்கே தீனி போட்டது. 1990 வாக்கில் அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் வந்தன. 1996இல் ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனத்தின் ஷாக்கர் மின்னணு விசையைக் கொண்டுவந்தது. நொடிக்குப் பத்துக் குண்டு பாய்ந்தால் 200 குண்டு கொள்ளும் கலன் 20 நொடியில் காலி. 2,000 குண்டுள்ள பெட்டி நான்கு நிமிடம்கூடத் தாங்காது. புதிதாக வந்த இளைஞன் வாடகைத் துப்பாக்கியோடு ஒரு தடுப்பின் பின்னால் குந்தியிருக்கிறான். தலைக்கு மேல் குண்டு மழை ஓயவில்லை. தலை நீட்டினால் அடி. அவன் அடுத்த வாரம் வரமாட்டான். வாடிக்கையாளரைப் பெருக்காமல், இருப்பவரின் செலவைப் பெருக்கி வளர்ந்த சந்தை இது என்பதே என் வாதம்.

ஸ்மார்ட் பார்ட்ஸ் மின்னணு இயக்கத்துக்கான காப்புரிமைகளைக் கொண்டு போட்டியாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. புதுமையை வளர்ப்பதற்கான சட்டம் இங்கே சிறு தயாரிப்பாளர்களை அச்சுறுத்தும் தடியானது என்றே கருதுகிறேன். அந்த வழக்குகளாலும் அந்நிறுவனம் பிழைக்கவில்லை, 2010இல் மூடப்பட்டது.

நிறுவன இணைப்புகளின் கதையும் இதே பாடத்தில்தான் நிற்கிறது. பெருங்கடைகளின் அலமாரிக்குப் பெயிண்ட்பாலைக் கொண்டுபோன பிராஸ் ஈகிள் 1997இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2003இல் கே2 நிறுவனம் அதை வாங்கியது. கீ ஆக்ஷன் ஸ்போர்ட்ஸ், ஜி.ஐ. ஸ்போர்ட்ஸ் ஆகிய பெயிண்ட்பால் நிறுவனங்கள் 2015இல் ஒன்றாயின. அந்தப் பெருநிறுவனமே 2020இல் திவால் பாதுகாப்பு கோரியது, கோர் அவுட்டோர் அதன் சொத்துகளை வாங்கியது. டிப்மன், ஜே.டி., எம்பயர் என்று ஒருகாலத்தில் எதிரெதிர் நின்ற பெயர்கள் இன்று ஒரே கூரையின் கீழ்.

இருப்பவரின் செலவைப் பெருக்காமல் வளர வேறு வழியும் இருந்தது. வழக்கமான 0.68 அங்குலக் குண்டுக்குப் பதில் 0.50 அங்குலக் குண்டு. கன அளவில் அதன் ஐந்தில் இரண்டு பங்கு. சரக்குக் கூலி குறைகிறது, வலியும் குறைகிறது. போட்டி ஆட்டக்காரர்கள் அதை ஏற்கவில்லை. பிறந்தநாள் விருந்துக்கு வரும் பத்து வயதுக் குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. கையில் எண்ணிக் கொடுத்த சில குண்டுகளோடு, ஒளிந்தும் ஓடியும், அவர்கள் ஆடுவது ஹென்னிக்கர் காட்டு ஆட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது.